ஒரே சுகர், வேறு வேறு கோளாறு: இன்சுலின்–குளுக்கோஸ் கணக்கை காவிரி டெல்டா லேபில் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர், சீர்காழியிலிருந்து ஒருவர் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து இருவருக்கும் சுகர் 164. வெறும் வயிற்றில் ஒருவருக்கு 108, மற்றவருக்கு 106. ரிப்போர்ட்டில் இருவரும் ஒரே வரிசைதான்: சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் முதலாமவருக்கு இன்சுலின் தாராளமாகச் சுரக்கிறது, உடம்பு அதற்குப் பணிய மறுக்கிறது. இரண்டாமவருக்கு உடம்பு நன்றாகவே பணிகிறது, சுரப்பதுதான் போதவில்லை. கடைமடை வயல் காய்ந்து கிடந்தால் மதகு திறக்கவில்லையா, வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயலில் நின்று நீர்மட்டத்தை மட்டும் அளந்து இதைச் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் கணித மாதிரிகள். லேப் டெக்னீஷியன்கள், மேற்படிப்பு டாக்டர்கள், கணிதமும் உயிர்மருத்துவப் பொறியியலும் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது மாதிரியின் வேலை அல்ல. அதற்கு வெறும் வயிற்றில் 126, 2 மணி நேரத்தில் 200, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு) 6.5 சதவீதம் என்ற எல்லைகள் இருக்கின்றன. நோய் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் மாதிரி சொல்லும்.

எந்தக் கணித மாதிரியை எடுப்பது?

1961இல் போலி என்பவர் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டையும் இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார். 1960களின் நடுவில் ஆக்கர்மேனும் கேட்வுட்டும் மேயோ கிளினிக்கின் ரோஸ்வியர், மோல்னார் ஆகியோருடன் சேர்ந்து, குளுக்கோஸ் குடித்த பிறகு வரும் வளைவைத் தேய்ந்து அடங்கும் அலையாகப் பார்த்தார்கள். 1979இல் பெர்க்மன், கோபெல்லி குழுவினரின் 'மினிமல் மாடல்' வந்தது. 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூஸ் குழுவினர், வெறும் வயிற்று குளுக்கோஸையும் இன்சுலினையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் ஹோமாவைக் கொடுத்தார்கள். 1999இல், குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையிலிருந்து இன்சுலின் உணர்திறனை, அதாவது உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு பணிகிறது என்பதைக் கணக்கிடும் மட்சுடா குறியீடு வந்தது.

தாலுகா அளவிலான லேபுக்கு ஹோமா போதும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்டிரிஃப்யூஜும் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரும் நம்பிக்கையான இன்சுலின் பரிசோதனையும் இருந்தால், 5 ரத்த மாதிரி எடுக்கும் வாய்வழிச் சோதனையும் மட்சுடா குறியீடும்தான் எங்கள் சிபாரிசு. செலவுக்குக் கிடைக்கும் தகவல் அதில்தான் அதிகம். மினிமல் மாடல் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்கு மட்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பக்கத்தில் ஒரு டாக்டரும் கட்டாயம்.

முந்தைய மூன்று நாள்

சோதனைக்கு முன் 3 நாளும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே வழக்கமாக மூன்று வேளையும் சாப்பிடும் டெல்டாக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லவே தேவையில்லை. "சுகர் இருக்கும்போலிருக்கு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரமாகச் சோற்றை ஒதுக்கிவிட்டு வருபவர்தான் சிக்கல். மாவுச்சத்து குறைந்த உடம்பில், சர்க்கரை ஏறியதும் கணையம் உடனே விடும் முதல் கட்ட இன்சுலின் மந்தமாகிவிடும். 2 மணி நேர அளவு பொய்யாக ஏறும். கணக்குப் போட்டால் நல்ல கணையம் பழுதானதாகத் தெரியும். ஆடி மாத விரதம், ஏகாதசி, நோன்பு நாள்களை ஒட்டி இந்தச் சோதனையை வைக்கவே வேண்டாம்.

உழைப்பும் கணக்கில் வரும். நடவு, அறுப்பு வேலையில் நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்தவருக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள் இன்சுலின் உணர்திறன் கூடியே இருக்கும். குறுவை அறுப்பில் எடுத்த அளவையும், வேலை இல்லாத கோடையில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்து "மருந்து கேட்கவில்லை" என்று சொன்னால் அது தவறான முடிவு. முந்தைய இரண்டு நாளும் என்ன வேலை செய்தார் என்று கேட்டு, படிவத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

மருந்துகளைக் கேளுங்கள்: ஸ்டீராய்டு, தையசைடு வகை நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், மெட்ஃபார்மின். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி, மாத்திரை என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுபவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பல இன்சுலின் பரிசோதனைக் கிட்டுகள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்து வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் இன்சுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். குறைந்தது 3 நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

சோதனை நாள் காலை

8 முதல் 14 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். காப்பி கூடாது, சர்க்கரை போடாத டிகாக்‌ஷனும் கூடாது, ஏனென்றால் காஃபீன் இன்சுலின் வேலையைத் தற்காலிகமாகத் தடுக்கும். வெற்றிலை, சீவல், புகையிலை எதுவும் வாயில் இருக்கக் கூடாது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தவரை 20 நிமிடமாவது உட்கார வைத்த பிறகு ரத்தம் எடுங்கள்.

குளுக்கோஸ் எடை பார்க்கும்போது ஒரு நுணுக்கம். 75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸுக்கு. கையில் இருப்பது மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம் நிறுக்க வேண்டும், லேபிளில் பாருங்கள். 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டினால் சில துளி எலுமிச்சைச் சாறு விடலாம். முதல் வாய் குடித்த நேரம்தான் 0 நிமிடம், கிளாஸைக் கீழே வைத்த நேரம் அல்ல. வாந்தி எடுத்துவிட்டால் சோதனை ரத்து. பாதி குளுக்கோஸ் உள்ளே போயிருக்கும் என்று எந்த மாதிரியாலும் யூகிக்க முடியாது.

வெறும் வயிற்று மாதிரியை ஒரே தடவையாக எடுக்காதீர்கள். கணையம் இன்சுலினைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அலையலையாக விடுகிறது. அலையின் மேட்டில் எடுத்தால் ஒரு அளவு வரும், பள்ளத்தில் எடுத்தால் வேறு அளவு வரும். 5 நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுங்கள். செலவைக் கூட்டாமலிருக்க ஒரு வழி உண்டு. மூன்று சீரத்திலிருந்தும் சம அளவு, ஒவ்வொன்றிலும் அரை மி.லி., எடுத்து ஒரே டியூபில் கலந்து ஒரு இன்சுலின் பரிசோதனை மட்டும் போடுங்கள். சராசரி தானே வந்துவிடும். பிறகு 30, 60, 90, 120 நிமிடங்களில் குளுக்கோஸும் இன்சுலினும். ஊசி குத்திய நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 30 என்று எழுதிவிட்டு 37இல் எடுத்தால் கணக்கு முழுதும் சாயும், ஏனென்றால் வளைவு செங்குத்தாக ஏறுவது அந்தப் பகுதியில்தான்.

இடையில் நடக்க விடாதீர்கள், கடைவீதிக்குப் போய்வருவதும் சேர்த்து. குளுக்கோமீட்டரில் எடுத்த அளவையும் கணித மாதிரிக்குள் போடாதீர்கள். 100க்கு மேற்பட்ட அளவுகளில் மீட்டர் 15 சதவீதம் வரை விலகத் தரநிலையே அனுமதிக்கிறது. போதாததற்கு, சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ரத்தம் பஸ் ஏறும்போது

டெல்டாவில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, வழியில். வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ காலையில் எடுத்த ரத்தம் மதியம்தான் தஞ்சாவூர் லேபுக்குப் போய்ச் சேர்கிறது. சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் இன்னும் வேகம்.

மேலே சொன்ன முதல் ஆளின் எண்களை வைத்தே பார்ப்போம். உண்மையான வெறும் வயிற்று அளவு 108. மணிக்கு 6 சதவீதம் வீதம் 3 மணி நேரம் போனால் சுமார் 90. "சுகர் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு பணிய மறுக்கிறது என்று சொல்லும் ஹோமா எதிர்ப்புக் குறியீடு (சூத்திரம் கீழே) 4.8 வர வேண்டியது 4.0 ஆகும், அதுகூடப் பெரிய கேடில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களின் திறனைச் சொல்லும் பீட்டா செல் குறியீடுதான் 144 வர வேண்டிய இடத்தில் 240 என்று நிற்கும். சூத்திரத்தின் கீழே 'குளுக்கோஸ் கழித்தல் 63' இருப்பதால் 45 என்பது 27 ஆகச் சுருங்கிவிடுகிறது. டியூப் காத்திருந்ததே தவிர, கணையம் எதுவும் கூடுதலாக உழைக்கவில்லை.

சாம்பல் மூடி ஃப்ளோரைடு டியூப் இதைத் தடுக்கும், ஆனால் உடனே அல்ல. ஃப்ளோரைடு முழுதாகப் பிடிக்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் சில மில்லிகிராம் போய்விடும். ஆகவே ஃப்ளோரைடு டியூபையும் எடுத்தவுடன் ஐஸில் வைத்து, 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சின்ன சென்டிரிஃப்யூஜ் ஒன்று இருந்தால் இந்தத் தலைவலி பாதி தீரும். ஃப்ளோரைடு டியூபை 8, 10 தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

இன்சுலினுக்குத் தனி டியூப். சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் நொதி இன்சுலினைச் சிதைக்கும். சீரம் ரோஜா நிறமாகத் தெரிந்தால் அந்த மாதிரியை வைத்து இன்சுலின் போடாதீர்கள், மறுபடி எடுங்கள். பிரித்த சீரத்தை அன்றே அனுப்ப முடியாவிட்டால் மைனஸ் 20இல் உறைய வையுங்கள். கரைத்து மறுபடி உறைய வைப்பது கூடாது. மின்வெட்டு நாளில் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருப்பதும், உள்ளே ஒரு ஐஸ் பேக்கும் வெப்பமானியும் வைத்திருப்பதும் நல்ல பழக்கம்.

கணக்கு: முதல் சுற்று

குளுக்கோஸ் மி.கி./டெ.லி., இன்சுலின் மைக்ரோயூனிட்/மி.லி. இந்த இரண்டு அலகில்தான் கீழே உள்ள சூத்திரங்கள். ரிப்போர்ட்டில் இன்சுலின் பிகோமோல்/லிட்டர் என்று இருந்தால் 6ஆல் வகுக்க வேண்டும். சில பழைய அட்டவணைகள் 6.945 என்கின்றன. 108 பிகோமோலை 6ஆல் வகுத்தால் 18, மற்றதால் வகுத்தால் 15.6. இதனாலேயே ஹோமா 4.8க்கும் 4.1க்கும் இடையே ஊசலாடும். எதால் வகுத்தீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்.

கணக்கு காட்ட எடுத்துக்கொண்ட எண்கள் (0, 30, 60, 90, 120 நிமிடம்):

முதல் ஆள்: குளுக்கோஸ் 108, 178, 196, 182, 164, இன்சுலின் 18, 92, 140, 150, 138.
இரண்டாம் ஆள்: குளுக்கோஸ் 106, 190, 214, 192, 164, இன்சுலின் 5, 16, 34, 42, 40.

படி 1. ஹோமா எதிர்ப்பு = வெறும் வயிற்று இன்சுலின் × வெறும் வயிற்று குளுக்கோஸ் ÷ 405. முதல் ஆளுக்கு 18 × 108 ÷ 405 = 4.8. இரண்டாம் ஆளுக்கு 5 × 106 ÷ 405 = 1.3. குளுக்கோஸ் மில்லிமோலில் இருந்தால் 405க்குப் பதில் 22.5. அந்த 22.5 என்பது நார்மல் ஆள் ஒருவருக்கு வைத்துக்கொண்ட 5 மைக்ரோயூனிட்டையும் 4.5 மில்லிமோலையும் பெருக்கியது. அதாவது விடை 1 என்றால் 'நார்மல்' என்று பொருள்படும்படி சூத்திரத்தை அமைத்திருக்கிறார்கள்.

படி 2. ஹோமா பீட்டா (பீட்டா செல் குறியீடு) = 360 × இன்சுலின் ÷ (குளுக்கோஸ் − 63). விடைகள் 144 சதவீதமும் 42 சதவீதமும். குளுக்கோஸ் 63ஐ நெருங்கினால் விடை வானத்துக்கு ஏறும், அதற்குக் கீழே போனால் சூத்திரமே செல்லாது. 80க்குக் கீழே இருந்தால் இதைப் போடாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

படி 3. இன்சுலினோஜெனிக் குறியீடு = முதல் 30 நிமிடத்தில் இன்சுலின் ஏறிய அளவு ÷ குளுக்கோஸ் ஏறிய அளவு. முதல் ஆள் 74 ÷ 70 = 1.06. இரண்டாம் ஆள் 11 ÷ 84 = 0.13. கணையம் முதல் அடிக்கு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்பதைக் காட்டும் எண் இது. 30 நிமிட குளுக்கோஸில் 15 சதவீதப் பிழை வந்தால் முதல் ஆளின் 1.06 என்பது 0.77க்கும் 1.71க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும். குளுக்கோமீட்டர் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

படி 4. மட்சுடா குறியீடு = 10,000 ÷ வர்க்கமூலம் (வெறும் வயிற்று குளுக்கோஸ் × வெறும் வயிற்று இன்சுலின் × சராசரி குளுக்கோஸ் × சராசரி இன்சுலின்). முதல் ஆளின் சராசரிகள் 165.6, 107.6, விடை 1.7. இரண்டாம் ஆளின் சராசரிகள் 173.2, 27.4, விடை 6.3. எண் கூடினால் உணர்திறன் கூடுதல்.

படி 5. படி 3இன் விடையையும் படி 4இன் விடையையும் பெருக்குங்கள். முதல் ஆள் 1.8, இரண்டாம் ஆள் 0.83. எதிர்ப்புக்குத் தக்கபடி கணையம் ஈடு கொடுக்கிறதா என்பதை இந்தப் பெருக்குத்தொகை சொல்லும். ஆரோக்கியமான உடம்பில் உணர்திறன் குறையக் குறையச் சுரப்பு ஏறி, பெருக்குத்தொகையை ஏறக்குறைய நிலையாக வைத்திருக்கும். முதல் ஆளுக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தும் கணையம் போராடுகிறது. இரண்டாம் ஆளுக்கு எதிர்ப்பு இல்லாதபோதே கணையம் தளர்ந்துவிட்டது. 164 என்ற ஒற்றை எண் மறைத்து வைத்திருந்தது இதைத்தான்.

முதல் ஆளிடம் இடுப்புச் சுற்றளவு, கல்லீரல் கொழுப்பு, ரத்த அழுத்தம், பெண் என்றால் சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றை டாக்டர் பார்ப்பார். இரண்டாம் ஆள் ஒல்லியாக இருந்து, அடிக்கடி வயிற்று வலி, எண்ணெய்ப் பசையான மலம் என்று சொன்னால் கணையக் கல் உண்டா என்று ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். தன் உடம்பே பீட்டா செல்லை அழிக்கும் வகையா என்று அறிய ஜிஏடி ஆன்டிபாடி பரிசோதனையும் வரும். "ஒல்லியாகத்தானே இருக்கிறார், சுகர் வராது" என்று ஊரில் சொல்வதை இரண்டாம் ஆளின் எண்கள் அப்படியே மறுக்கின்றன.

வளைவின் வடிவம்: ஆக்கர்மேன் முறை

குளுக்கோஸ் ஏறி, இறங்கி, சிலருக்கு வெறும் வயிற்று அளவுக்கும் கொஞ்சம் கீழே போய், மறுபடி வந்து நிற்கும். இதைத் தேய்ந்து அடங்கும் அலையாக எழுதலாம். 0 நிமிடத்தில் வெறும் வயிற்று அளவிலிருந்து தொடங்குவதாகக் கொண்டால்:

நேரம் 'நே'யில் குளுக்கோஸ் = வெறும் வயிற்று அளவு + உயரம் × எக்ஸ்ப்(−ஆல்ஃபா × நே) × சைன்(ஒமேகா × நே)

ஆல்ஃபா அலை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதையும், ஒமேகா எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதையும் குறிக்கும். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் இயல் அதிர்வெண். 6.283ஐ அதனால் வகுத்தால் இயல் காலம். 4 மணி நேரத்துக்குக் குறைந்தால் இயல்பு, மிஞ்சினால் லேசான சர்க்கரை நோய் என்பது ஆக்கர்மேன் குழுவின் கண்டுபிடிப்பு.

பொருத்தமான எண்களைத் தேடித் தரும் எக்செல் சால்வருக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கக் கையாலேயே ஒரு கணக்குப் போடலாம். வளைவு வெறும் வயிற்று அளவுக்குத் திரும்பும் நேரம் 2 மணி, உச்சம் 40 நிமிடம் என்றால், ஒமேகா = 3.1416 ÷ 2 = 1.57. உச்சத்தில் கோணம் 1.57 × 0.667 = 1.047 ரேடியன், அதாவது 60 டிகிரி. ஆல்ஃபா = ஒமேகா ÷ டேன் 60 = 1.57 ÷ 1.732 = 0.91. இயல் அதிர்வெண் 1.81, காலம் 3.5 மணி. திரும்ப 3 மணி நேரமும் உச்சத்துக்கு 1 மணி நேரமும் ஆனால் ஒமேகா 1.05, ஆல்ஃபா 0.60, காலம் 5.2 மணி. இந்த மதிப்புகளைக் கொடுத்து, அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை குறையும்படி சால்வரை ஓட்டுங்கள். ரேடியனா டிகிரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் ரேடியனில்தான் கணக்கிடும், மாணவர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

மூல வடிவத்தில், அலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் கட்டக் கோணம் ஒன்றும் சேர்ந்து, வெறும் வயிற்று அளவைத் தவிர நான்கு தெரியாத எண்கள். 30, 60, 90, 120 என்று நான்கே மாதிரி எடுத்தால் வளைவு எல்லாப் புள்ளி வழியாகவும் போய் அழகாகத் தெரியும். பிழையைச் சோதிக்க மிச்சம் எதுவும் இருக்காது. 150, 180 நிமிட மாதிரிகளையும் எடுங்கள். மேலே உள்ள நம் இரண்டு ஆள்களுக்கும் 120 நிமிடத்தில் குளுக்கோஸ் இன்னும் இறங்கி முடியவில்லை, ஆகவே அந்த எண்களை வைத்து இயல் காலம் சொல்லக் கூடாது. ஆல்ஃபா அளவீட்டுப் பிழைக்கு மிகவும் ஆடும், இயல் அதிர்வெண் அவ்வளவாக ஆடாது. 3 மணி நேரத்துக்கு மேல் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரினலினும் நடுவில் புகுவதால் இந்த அலை சில பேருக்குப் பொருந்தாது. இன்றைய மருத்துவமனையில் இதை வைத்து யாரும் சிகிச்சை முடிவு செய்வதில்லை. வகுப்பறையில் இதைவிட நல்ல முதல் மாதிரி கிடைக்காது என்பதால் இங்கே சேர்த்தோம்.

மினிமல் மாடல்

இதில் குளுக்கோஸ் வாய் வழியாகப் போவதில்லை, நரம்பு வழியாகப் போகும். குடல் உறிஞ்சும் வேகம் என்ற குழப்பம் இதனால் ஒழிகிறது. கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 60 கிலோ ஆளுக்கு 18 கிராம், 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 36 மி.லி., 25 சதவீதம் என்றால் 72 மி.லி. கெட்டியான திரவம் நரம்பை எரிக்கும் என்பதால் முழங்கை மடிப்பில் பெரிய நரம்பில் கொடுங்கள். ரத்தம் மற்ற கையிலிருந்து எடுக்க வேண்டும். 20ஆம் நிமிடம் கிலோவுக்கு 0.03 யூனிட் ரெகுலர் இன்சுலின், இவருக்கு 1.8 யூனிட். சுருக்கிய அட்டவணையில் 12 மாதிரிகள்: 0, 2, 4, 8, 19, 22, 30, 40, 50, 70, 90, 180 நிமிடம். ரத்தம் எடுக்க நரம்பில் செருகிய கான்யுலாவில் சலைன் தங்கியிருக்கும், ஒவ்வொரு தடவையும் முதல் 2 மி.லி.யைத் தள்ளிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டுமே நீர்த்துப் போகும். இன்சுலின் போட்ட பிறகு சுகர் தாழலாம், கையோடு டெக்ஸ்ட்ரோஸ் தயாராக இருக்கட்டும்.

சமன்பாடுகள் இரண்டே:

குளுக்கோஸ் மாறும் வேகம் = −(செ + ம) × கு + செ × கு₀
மறைநிலை விளைவு மாறும் வேகம் = −ப₂ × ம + ப₃ × (இ − இ₀)

'கு', 'இ' என்பவை அந்தந்த நேரத்துக் குளுக்கோஸும் இன்சுலினும், 'கு₀', 'இ₀' அவற்றின் அடிப்படை அளவுகள். 'செ' என்பது இன்சுலின் அடிப்படை அளவுக்கு மேல் ஏறாமலேயே குளுக்கோஸ் தானே தன்னைக் குறைத்துக்கொள்ளும் திறன். 'ம' என்பது திசுக்களுக்குள் இன்சுலின் காட்டும் விளைவு. அது ரத்தத்தில் நேரடியாக அளக்க முடியாதது, ரத்த இன்சுலினுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். 'ப₃' அந்த விளைவு ஏறும் வேகத்தையும், 'ப₂' அது தணியும் வேகத்தையும் குறிக்கும். இன்சுலின் உணர்திறன் = ப₃ ÷ ப₂.

ஒரு நிமிடப் படியாக எக்செலிலேயே ஓட்டலாம். கு = 220, கு₀ = 100, செ = 0.02, ம = 0.006 என்றால் வேகம் = −0.026 × 220 + 2 = −3.72. அடுத்த நிமிடம் கு = 216.3. அந்த நேரம் இன்சுலின் அடிப்படையைவிட 60 கூடுதல், ப₂ = 0.03, ப₃ = 0.000015 என்றால் ம கூடுவது −0.00018 + 0.0009 = 0.00072. அடுத்த நிமிடம் ம = 0.00672. இப்படி 180 வரிசை. மாதிரிகளுக்கு இடையில் இன்சுலினை நேர்கோட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு இதே எண்களை வைக்கலாம், உணர்திறன் 5 × 10⁻⁴ என்று வரும். பிறகு செ, ப₂, ப₃, தொடக்க குளுக்கோஸ் நான்கையும் சால்வர் தேடட்டும்.

முதல் 8 நிமிடப் புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காதீர்கள். குளுக்கோஸ் உடம்பு முழுக்கக் கலந்து முடிந்திருக்காது, இந்த மாதிரியோ உடம்பை ஒரே தொட்டியாக எண்ணுகிறது. அந்தப் புள்ளிகளின் இன்சுலின் மட்டும் முதல் கட்டச் சுரப்பைக் கணக்கிடத் தேவைப்படும். எதிர்ப்பு மிகக் கடுமையான ஆளுக்குச் சில சமயம் உணர்திறன் சுழி என்றே வந்து நிற்கும். உண்மையில் சுழி ஆகிவிடவில்லை. செ எல்லா வேலையையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிடுகிறது. வேறு தொடக்க மதிப்புகள் ஐந்தாறு கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தாலோ, ஒரு காரணியின் பிழை வீச்சு அதன் மதிப்பில் பாதியைத் தாண்டினாலோ, அந்த எண்ணை வெளியே கொடுக்காதீர்கள். வளைவு புள்ளிகள்மேல் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

யாருக்கு இந்தக் கணக்கு செல்லாது?

இன்சுலின் ஊசி போடுபவருக்கு ரத்தத்தில் இருப்பது ஊசி இன்சுலினும் சேர்த்து. பலவகை ஊசி இன்சுலினைப் பரிசோதனைக் கிட்டும் வேறுவிதமாகப் படிக்கும். அவர்களுக்கு சி-பெப்டைடு எடுங்கள். இன்சுலின் எத்தனையோ அத்தனைதான் சி-பெப்டைடும் சுரக்கும், கல்லீரல் அதைப் பிடித்துவைப்பதுமில்லை. ஹோமாவின் கணினி வடிவமான ஆக்ஸ்ஃபோர்டின் ஹோமா2 கணிப்பான் சி-பெப்டைடை ஏற்கும், மேலே சொன்ன கைச்சூத்திரம் ஏற்காது. சிறுநீரகம் பழுதானவருக்கு சி-பெப்டைடு தேங்கி ஏறும் என்பதால் அங்கே அதுவும் கைகொடுக்காது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறைப்படி, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் கொடுத்து 2 மணி நேரத்தில் ஒரே ரத்தம் எடுக்கிறார்கள். 140ஐ எட்டினால் கர்ப்பகால சர்க்கரை. தூரத்துக் கிராமத்துப் பெண்ணை வெறும் வயிற்றோடு அலைய விடாத நல்ல முறை இது. ஆனால் அந்த ரத்தத்தில் இன்சுலினும் போட்டு ஹோமா கணக்கிட்டுக் கொடுப்பது தவறு. ஹோமாவின் அடிப்படையே வெறும் வயிற்றுச் சமநிலைதான். கர்ப்பத்தின் பிற்பாதியில் எதிர்ப்பு இயல்பாகவே ஏறும் என்பதால், மற்றவர்களுக்கு வைத்த எல்லையை அவர்களுக்கு வைக்கவும் முடியாது.

எல்லை பற்றிய பேச்சும் அப்படித்தான். பல ரிப்போர்ட்டுகளில் ஹோமா 2.5 என்று ஒரு கோடு அச்சாகியிருக்கும். இன்சுலின் கிட்டுகள் ஒன்றுக்கொன்று இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒரே சீரத்துக்கு இரண்டு கம்பெனிக் கிட்டு இரண்டு அளவு காட்டும். அதனால் 2.4க்கும் 2.6க்கும் இடையே நோயாளியை வகை பிரிக்காதீர்கள். அதே ஆளை அதே லேபில் அதே கிட்டில் 6 மாதம் கழித்துப் பார்த்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

ரிப்போர்ட்டில் விடையோடு இவையும் இருக்கட்டும்: வெறும் வயிற்று நேரம், ரத்தம் எடுத்த உண்மையான நிமிடங்கள், எடுத்ததற்கும் பிரித்ததற்கும் இடைவெளி, டியூப் வகை, இன்சுலின் கிட்டின் பெயர், அலகு மாற்றிய எண், எந்தச் சூத்திரம், வெறும் வயிற்று மாதிரி ஒன்றா மூன்றா, சாப்பிடும் மருந்துகள், முந்தைய 2 நாள் செய்த வேலை. இடைவெளி 30 நிமிடத்தைத் தாண்டியிருந்தால் பீட்டா செல் குறியீட்டு இடத்தைக் காலியாக விட்டு, 'மாதிரி தாமதம்' என்று எழுதி அனுப்புங்கள்.